வால்ட்ஸில் ஒரு ஸ்டெப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? டெக்னிக் அட்டவணையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கல்யாண வரவேற்புக்காக வால்ட்ஸ் என்னும் ஜோடி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் தடுமாற்றம் வருவது ஒரே இடத்தில்தான். ஒவ்வொரு ஸ்டெப்பையும் ஒரு வரிசையாக, எட்டுக் கட்டங்களில் பிரித்து எழுதிய டெக்னிக் அட்டவணையைக் கையில் கொடுத்ததும், "வலது பாதம் முன்னால்" என்ற முதல் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு ஆடத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையில் மிச்சமிருக்கும் ஏழு கட்டங்களையும் யாரும் தொடுவதில்லை. பாதம் சரியான இடத்துக்குப் போகிறது, ஆனால் ஆட்டம் வருவதில்லை.

இந்த அட்டவணை மொழி 1920-களில் லண்டனில் உருவானது. ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு விதமாகக் கற்றுக்கொடுத்த காலம் அது. 1920-இல் தொடங்கிய ஆசிரியர் மாநாடுகள் 1929-இல் நடந்த பெரிய மாநாட்டில் ஒரு முடிவுக்கு வந்தன. 1904-இல் தொடங்கப்பட்ட, ஆட்ட ஆசிரியர்களின் சங்கமான இம்பீரியல் சொசைட்டி 1924-இல் பால்ரூம் ஆட்டத்துக்கென்று (ஹாலில் ஜோடியாக ஆடும் வால்ட்ஸ் போன்றவை) தனிப் பிரிவு அமைத்தது. முன்பின் பார்த்திராத இருவர் எந்த ஊரில் சந்தித்தாலும் சேர்ந்து ஆட முடிய வேண்டும் என்பதுதான் இந்த வரையறைகளின் நோக்கம்.

சொல் குறித்து ஒரு விஷயம். தமிழில் "கால்" என்றால் உறுப்பும் உண்டு, நான்கில் ஒன்றும் உண்டு. சுற்றலை அளக்கும்போது இரண்டும் குழம்பும். அதனால் கீழே உறுப்பைப் "பாதம்" என்றே எழுதியிருக்கிறோம். "கால்" என்று வந்தால் அது அளவு.

ஸ்டெப் என்பது எவ்வளவு நீளம்?

பாதம் தரையில் போய் நிற்கும் கணத்தைத்தான் பலரும் ஸ்டெப் என்று நினைக்கிறார்கள். வரையறை வேறு: ஒரு பாதத்தின் ஒரு நகர்வு ஒரு ஸ்டெப், அதற்குரிய நேரம், அடுத்த நகர்வு தொடங்கப்போகும் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. பாதம் வைத்தாயிற்று என்றால் ஸ்டெப்பில் பாதிதான் ஆகியிருக்கிறது. எடை அந்தப் பாதத்தின் மேல் ஏறி, உடல் அதைக் கடந்து, மற்ற பாதம் கிளம்பத் தயாராகும் வரை இன்னும் அதே ஸ்டெப்புக்குள்தான் இருக்கிறீர்கள்.

அட்டவணையில் "1-இன் முடிவில்" என்றும் "1-க்கும் 2-க்கும் இடையில்" என்றும் வரும் சொற்கள் இதைப் புரிந்துகொண்டால்தான் பிடிபடும். வால்ட்ஸின் முக்கியமான காரியங்கள் எல்லாம் இந்த முடிவுகளிலும் இடைவெளிகளிலும்தான் நடக்கின்றன.

பல ஸ்டெப்கள் சேர்ந்து முழுமை பெற்றால் அது ஒரு ஃபிகர். வலப்பக்கமாகச் சுற்றும் நேச்சுரல் டர்ன் ஆறு ஸ்டெப் கொண்ட ஃபிகர். சேஞ்ச் மூன்று ஸ்டெப். ஃபிகர்களை அடுத்தடுத்துக் கோத்தால் அமால்கமேஷன்.

முதலில் ஹாலைப் படியுங்கள்

கோவில் பிரகாரத்தில் வலம் வரும்போது சன்னதி நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். பால்ரூமில் அப்படியே எதிர்ச்சுற்று. ஹாலின் நடு எப்போதும் இடக்கைப் பக்கம், சுவர் வலக்கைப் பக்கம், கடிகார முள்ளுக்கு எதிராக எல்லோரும் நகர்கிறார்கள். இந்தப் போக்குக்கு லைன் ஆஃப் டான்ஸ் என்று பெயர். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது.

லைன் ஆஃப் டான்ஸைப் பார்த்து நின்று வலப்பக்கம் 45 டிகிரி திரும்பினால் டயகனல் வால். இடப்பக்கம் 45 டிகிரி திரும்பினால் டயகனல் சென்டர். இங்கே வால் என்றால் சுவர், சென்டர் என்றால் ஹாலின் நடு. இப்படி மொத்தம் எட்டுத் திசைகள்.

பழைய பங்களா ஹால்களில் ஒரு நீளப்பக்கம் முழுக்க ஜன்னல்கள், வெளியே தேயிலைச் சரிவு. அந்தப் பக்கமாகவே ஆடிப் பழகியவர்கள் "ஜன்னல் என்றால் வால்" என்று மனதில் பதித்துக்கொள்கிறார்கள். ஹாலின் மூலை திரும்பி எதிர்ப்பக்கம் வந்ததும் ஆட்டம் முழுக்கத் தலைகீழாகிறது. அங்கே ஜன்னல் இருக்கும் திசை சென்டர்; பின்புறச் சுவர்தான் வால். பழகும்போது நான்கு பக்கமும் மாறி மாறி நின்று, "இப்போது டயகனல் வால் எங்கே?" என்று கையால் காட்டிப் பழகுங்கள். இதற்கு இசை வேண்டாம், ஜோடியும் வேண்டாம்.

அலைன்மென்ட் என்ற கட்டத்தில் மூன்று சொற்கள் வரும். பாதம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, உடலும் அதையே பார்த்தால் ஃபேசிங். முதுகுப்பக்கம் எந்தத் திசையோ, அதைச் சொன்னால் பேக்கிங். பக்கவாட்டில் வைக்கும் பாதம் ஒரு திசையைக் காட்ட, உடல் இன்னும் அவ்வளவு தூரம் திரும்பாமல் இருந்தால் பாயிண்டிங். இந்த மூன்றாவது சொல்லைப் பார்த்தாலே நிறுத்திப் படிக்க வேண்டும். "பாதம் முந்துகிறது, உடல் பின்னால் வருகிறது" என்று அது சொல்கிறது.

சுற்றலை எதை வைத்து அளப்பது?

பாதத்தை வைத்து. தோளை வைத்து அளந்தால் எல்லாக் கணக்கும் தப்பும், ஏனென்றால் தோள் சில இடங்களில் பாதத்துக்கு முன்பும் சில இடங்களில் பின்பும் திரும்புகிறது.

அளவுகளுக்கு நம்மிடம் சொல் தயாராகவே இருக்கிறது. முழுச்சுற்றில் எட்டில் ஒன்று அரைக்கால், 45 டிகிரி. எட்டில் இரண்டு கால், 90 டிகிரி. எட்டில் மூன்று காலே அரைக்கால், 135 டிகிரி. வால்ட்ஸ் கற்கத் தொடங்குபவருக்கு இந்த மூன்றும் போதும்.

சிவப்பு ஆக்சைடு தரையிலோ மரப்பலகைத் தரையிலோ சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து எட்டுக் கோடுகள் இழுங்கள். ஒரு கோட்டில் பெருவிரல் படும்படி நின்று, அரைக்கால், கால், காலே அரைக்கால் என்று மாற்றி மாற்றித் திரும்புங்கள். அரைக்கால் திரும்பச் சொன்னால் அநேகமாக எல்லோரும் கூடுதலாகத் திரும்புவார்கள். காலே அரைக்கால் சொன்னால் குறைத்துத் திரும்புவார்கள். கோடு பொய் சொல்லாது.

இனி ஒரே ஃபிகரில் இரண்டு பேருக்கு ஏன் இரண்டு விதமான சுற்றல் என்ற கேள்வி. மலைப்பாதையில் ஊசி வளைவில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால், வெளிவளைவில் வருவது நீளமாக ஓடி மெல்லத் திரும்பும். உள்வளைவில் வருவதற்குத் தூரம் குறைவு, சட்டென்று ஒடித்துத் திரும்ப வேண்டும். சுற்றும் ஃபிகரில் முன்னோக்கிப் போகிறவர் வெளிவளைவு, பின்னோக்கிப் போகிறவர் உள்வளைவு. அதனால் முன்னோக்கிப் போகிறவருக்குச் சுற்றல் இரண்டு தவணையாகக் கிடைக்கிறது: 1-க்கும் 2-க்கும் இடையில் கால், 2-க்கும் 3-க்கும் இடையில் அரைக்கால். பின்னோக்கிப் போகிறவர் அதே காலே அரைக்காலை முழுவதுமாக 1-க்கும் 2-க்கும் இடையிலேயே முடிக்க வேண்டும். அவருடைய இரண்டாவது ஸ்டெப்பில் பாயிண்டிங் என்று வருவதும் "உடல் குறைவாகத் திரும்பும்" என்ற குறிப்பு வருவதும் இதனால்தான். உடலின் மிச்சச் சுற்றல் மூன்றாவது ஸ்டெப்பில் முடியும்.

இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் நேச்சுரல் டர்ன், இடப்பக்கமாகச் சுற்றும் ரிவர்ஸ் டர்ன் இரண்டுக்கும் சுற்றல் கட்டத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஃபுட்வொர்க்கும் ரைஸும்

அந்த ஸ்டெப் நடக்கும் நேரத்தில் பாதத்தின் எந்தப் பகுதி தரையைத் தொடுகிறது என்பது ஃபுட்வொர்க். "ஹீல்-டோ" என்றால் குதிகால் முதலில், பிறகு முழுப்பாதம், ஸ்டெப்பின் முடிவில் குதிகால் தரையை விட்டு எழும்பும். "டோ-ஹீல்" என்றால் விரல்பக்கம் முதலில், பிறகு குதிகால் இறங்கும். "டோ" என்று மட்டும் இருந்தால் அந்த ஸ்டெப் முழுக்கக் குதிகால் தரையில் படாது.

ரைஸ் அண்ட் ஃபால் (எழுவதும் இறங்குவதும்) கட்டத்தில் வால்ட்ஸுக்கு வரும் வாக்கியம் எல்லோருக்கும் தெரியும்: 1-இன் முடிவில் எழத் தொடங்கு, 2-லும் 3-லும் தொடர்ந்து எழு, 3-இன் முடிவில் இறங்கு. தெரிந்தும் மூன்று இடத்தில் தவறுகிறார்கள். ஒன்றாம் எண்ணுக்கே எழும்பிவிட்டால் பாதம் நீளமாகப் போகாது, ஆட்டம் தத்தித் தத்திப் போகும். இரண்டிலேயே உச்சிக்குப் போய்விட்டால் மூன்றில் எழ மிச்சம் ஏதும் இருக்காது. மூன்றில் பாதங்கள் சேர்வதற்கு முன்பே குதிகால் இறங்கினால் அடுத்த ஸ்டெப்புக்கு இடம் போதாமல் முழங்கால் மோதும்.

பின்னோக்கிப் போகும் முதல் ஸ்டெப்பில் "ஃபுட் ரைஸ் இல்லை" என்று ஒரு குறிப்பு வரும். உடலும் முழங்காலும் எழத் தொடங்கும். ஆனால் தாங்கும் பாதத்தின் குதிகால், அடுத்த ஸ்டெப்பின் மேல் எடை ஏறும் வரை தரையிலேயே இருக்க வேண்டும். அட்டவணையில் மிக அதிகமாகக் கவனிக்காமல் விடப்படும் வரி இதுதான்.

இதைச் சோதிக்க ஒரு போஸ்ட் கார்டு போதும். பின்னோக்கி முதல் ஸ்டெப் வைத்து நிறுத்துங்கள். எடை ஏறிய பாதத்தின் குதிகாலுக்கு அடியில் கார்டின் ஓரம் சிக்கியிருக்கும்படி வையுங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கார்டின் மறுமுனையை லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது இரண்டாவது ஸ்டெப்பை மெதுவாகப் பக்கவாட்டில் வையுங்கள். பாதம் பக்கத்தில் நீளும்போதும் கார்டு வரக் கூடாது. எடை அந்தப் பாதத்துக்கு மாறும் கணத்தில்தான் கார்டு உருவிக்கொண்டு வர வேண்டும். முன்பே வந்துவிட்டால் குதிகால் அவசரப்படுகிறது என்று அர்த்தம். அப்படி அவசரப்பட்டால் உடல் பின்னால் சாய்ந்து, எதிரில் இருப்பவரை இழுத்துவிடும்.

சி.பி.எம்., சி.பி.எம்.பி., ஸ்வே

முதல் இரண்டும் பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஆனால் வெவ்வேறு விஷயங்கள். சி.பி.எம். (கான்ட்ரரி பாடி மூவ்மென்ட்) உடலின் செயல்: வலது பாதம் முன்னே போகும்போது உடலின் இடப்பக்கமும் அதை நோக்கித் திரும்புவது. சுற்றலைத் தொடங்கிவைப்பது இது. சி.பி.எம்.பி. (கான்ட்ரரி பாடி மூவ்மென்ட் பொசிஷன்) பாதத்தின் இடம்: உடல் திரும்பாமலே, பாதம் உடலின் கோட்டுக்குக் குறுக்கே போய் நிற்பது. ஜோடிக்கு வெளிப்பக்கம் ஸ்டெப் வைக்கும்போதும், டாங்கோ ஆட்டத்தில் இடது பாதம் முன்னே நடக்கும்போதும் இது வரும். குறுக்கே பாதம் வைக்கச் சொன்ன இடத்தில் தோளைத் திருப்பினால் இருவருக்கும் நடுவே இருக்கும் பிடி உடைந்துவிடும்.

சி.பி.எம். என்றதும் தோளை வீசுவது இன்னொரு தவறு. இடுப்பிலிருந்து தோள் வரை ஒரே பலகையாகத் திரும்ப வேண்டும்.

ஸ்வே, நகரும் பாதத்துக்கு எதிர்ப்பக்கம் உடல் சாய்வது. தேயிலைச் சரிவில் இறங்கும்போது உடல் தானாக மேட்டுப்பக்கம் சாய்கிறதே, வேலை அதேதான்: போகும் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது. கணுக்காலிலிருந்து முழு உடலும் சாய வேண்டும்; இடுப்பை மடித்தால் அது ஸ்வே ஆகாது.

ஆறு ஸ்டெப்பையும் முழுதாகப் படிப்போம்

வால்ட்ஸ் நேச்சுரல் டர்ன், லீடர் (ஜோடியை நடத்திச் செல்பவர்) பங்கு. இசை 3/4, நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (மூன்று எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார்). ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு எண்ணிக்கை.

1. வலது பாதம் முன்னால். ஃபேசிங் டயகனல் வால். ஹீல்-டோ. சி.பி.எம். முடிவில் எழத் தொடங்கு.
2. இடது பாதம் பக்கவாட்டில். 1-2 இடையில் வலப்பக்கம் கால் சுற்று, பேக்கிங் டயகனல் சென்டர். டோ. ஸ்வே வலம்.
3. வலது பாதம் இடதோடு சேரும். 2-3 இடையில் அரைக்கால், பேக்கிங் லைன் ஆஃப் டான்ஸ். டோ-ஹீல். ஸ்வே வலம். முடிவில் இறங்கு.
4. இடது பாதம் பின்னால். பேக்கிங் லைன் ஆஃப் டான்ஸ். டோ-ஹீல். சி.பி.எம். முடிவில் எழத் தொடங்கு, ஃபுட் ரைஸ் இல்லை.
5. வலது பாதம் பக்கவாட்டில். 4-5 இடையில் காலே அரைக்கால், உடல் குறைவாக. பாயிண்டிங் டயகனல் சென்டர். டோ. ஸ்வே இடம்.
6. இடது பாதம் வலதோடு சேரும். உடல் சுற்றலை முடிக்கும், ஃபேசிங் டயகனல் சென்டர். டோ-ஹீல். ஸ்வே இடம். முடிவில் இறங்கு.

கூட்டிப் பாருங்கள். காலும் அரைக்காலும், பிறகு காலே அரைக்கால்: மொத்தம் முக்கால் சுற்று. டயகனல் வாலிலிருந்து வலப்பக்கமாக முக்கால் சுற்றினால் வந்து நிற்கும் இடம் டயகனல் சென்டர். எந்த ஃபிகரைப் படித்தாலும் இந்தக் கூட்டலைப் போடுங்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஒரு வரியைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

ஃபாலோயர் பங்கில் பாதிகள் இடம் மாறும். முதல் மூன்று ஸ்டெப்பில் அவர் பின்னோக்கி, உள்வளைவில்: இடது பாதம் பின்னால், பேக்கிங் டயகனல் வால், வலது பாதம் பக்கவாட்டில், பாயிண்டிங் லைன் ஆஃப் டான்ஸ், காலே அரைக்கால், இடது சேரும், ஃபேசிங் லைன் ஆஃப் டான்ஸ். அடுத்த மூன்றில் வெளிவளைவு: வலது பாதம் முன்னால், இடது பக்கவாட்டில், கால் சுற்று, பேக்கிங் சென்டர், வலது சேரும், அரைக்கால், பேக்கிங் டயகனல் சென்டர். ஃபுட் ரைஸ் இல்லை என்ற குறிப்பு அவருக்கு முதல் ஸ்டெப்பிலேயே வந்துவிடுகிறது. ஸ்வே இடம் இடம், பிறகு வலம் வலம்.

அட்டவணையைக் குறுக்கே படித்தால் தலை சுற்றும். ஒரு ஸ்டெப்பின் எட்டுக் கட்டங்களையும் ஒரே நேரத்தில் யாராலும் உடலுக்குள் போட முடியாது. மேலிருந்து கீழே, ஒரு நேரத்துக்கு ஒரே பத்தி: முதல் சுற்றில் பாதம் போகும் இடம் மட்டும், ஆறு ஸ்டெப்பும். அடுத்த சுற்றில் அலைன்மென்ட், சுற்றல். அது உறைந்த பிறகு ஃபுட்வொர்க், ரைஸ். சி.பி.எம்., ஸ்வே கடைசியில். ஸ்வேயை முதல் வாரத்திலேயே சேர்த்தால் இடுப்பு ஒடியும் பழக்கம் வந்துவிடும், பிறகு அதைக் களைவது பெரும்பாடு.

மூன்றாவது ஸ்டெப்பைப் பற்றித் தனியாக ஒரு சொல். "சேரும்" என்றால் எடை முழுவதும் அந்தப் பாதத்துக்கு மாற வேண்டும். பக்கத்தில் வைத்துவிட்டுப் பழைய பாதத்திலேயே நின்றால் நான்காவது ஸ்டெப்புக்கு எந்தப் பாதத்தை எடுப்பது என்று தெரியாது. சேர்த்தவுடன் மற்ற பாதத்தைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். தள்ளாடாமல் தூக்க முடிந்தால் எடை மாறியிருக்கிறது.

ஹாலைச் சுற்றி வருவது

நேச்சுரல் டர்ன் முடியும்போது லீடருக்கு வலது பாதம் காலியாக இருக்கிறது. ரிவர்ஸ் டர்னுக்கு இடது பாதம் வேண்டும். அதற்குத்தான் சேஞ்ச்: வலது முன்னால், இடது பக்கவாட்டில், வலது சேரும். பிறகு டயகனல் சென்டரைப் பார்த்தபடி ரிவர்ஸ் டர்ன். சுற்றல் அளவுகள் அதேதான், இடப்பக்கமாக. முடிவில் ஃபேசிங் டயகனல் வால். அங்கிருந்து இடது பாதத்தில் ஒரு சேஞ்ச், மறுபடி நேச்சுரல். ஆறு, மூன்று, ஆறு, மூன்று: 18 ஸ்டெப், 6 பார், ஏறக்குறைய 12 முதல் 13 விநாடி.

ஹாலின் மூலைக்கு வந்துவிட்டால் அலைன்மென்ட்டின் அருமை தெரியும். நேச்சுரல் டர்னை மூலையில் முடிக்கிறீர்கள், டயகனல் சென்டரைப் பார்த்து நிற்கிறீர்கள். லைன் ஆஃப் டான்ஸ் அங்கே இடப்பக்கம் 90 டிகிரி திரும்புகிறது. புதிய பக்கத்துக்கு நீங்கள் பார்த்து நிற்கும் திசை இப்போது டயகனல் வால். காலியாக இருப்பதும் வலது பாதம்தான். சேஞ்ச் ஏதும் இல்லாமல் அடுத்த நேச்சுரல் டர்னை அப்படியே தொடங்கலாம்.

மலையில் ஆடுபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு நாலைந்து சுற்றிலேயே மூச்சு வாங்கும், முதல் நாள் இசை இல்லாமல் எண்ணிக்கையில் மட்டும் ஆடுங்கள். மார்கழி, தை மாலைகளில் கெண்டைக்கால் தசை இறுகியிருக்கும். ரைஸ் முழுவதும் அந்தத் தசையை நம்பித்தான் இருப்பதால் பத்து நிமிடம் குதிகாலைத் தூக்கி இறக்கிச் சூடேற்றாமல் தொடங்க வேண்டாம். மழைக்காலத்தில் மரத்தரை ஈரம் குடித்திருக்கும், ஆட்ட ஷூவின் ஸ்வேட் தோல் அடிப்பாகம் ஒட்டிப் பிடிக்கும். அந்த நிலையில் பாதம் சுழலாமல் முழங்கால் சுழலும், வலி அங்கேதான் வரும். அடிப்பாகத்தைக் கம்பி பிரஷால் ஒரே திசையில் தேயுங்கள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பனி விழுந்த முற்றத்தில் நடக்காதீர்கள். ஹால் வாசலில் வந்து மாற்றிக்கொள்ளுங்கள்.